ஐஎஸ்ஓ முத்திரையை நம்பி கோர்ஸ் சேராதீங்க

"ரெண்டு நாள் நெயில் ஆர்ட் கோர்ஸ் போதும், ஐஎஸ்ஓ சர்டிஃபிகேட் இருந்தா அமெரிக்காவிலயும் வேலை பார்க்கலாம்"னு ஒருத்தர் போட்டிருக்கார். தப்புங்க. ஐஎஸ்ஓங்கிறது சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு, அது யாருக்கும் நேரடியா சான்றிதழ் கொடுக்கிறதே இல்லை. விளம்பரத்துல வர்ற ஐஎஸ்ஓ 9001 நிறுவனத்தோட நிர்வாக முறைக்கானது, உங்க கைத்திறமைக்கு இல்லை. அமெரிக்காவுல மாநில லைசென்ஸ் வேணும்: கலிஃபோர்னியாவுல 400 மணி நேரப் பயிற்சி, டெக்சாஸ்ல 600, அதுக்கு மேல பரீட்சை.

நம்ம ஊர்ல நெயில் டெக்னீஷியனுக்குன்னு கட்டாய லைசென்ஸ் கிடையாது. அதனாலயே என்ன சொல்லித் தர்றாங்கன்னு நாமதான் துருவிக் கேட்கணும். ஜெல் பாலிஷ் நக ஓரத்துத் தோல்ல பட்டா, ஜெல்லை இறுக வைக்கிற லேம்ப்ல கையை வைக்கிறதுக்கு முன்னாடியே துடைச்சு எடுக்கணும். சரியா இறுகாத ஜெல் திரும்பத் திரும்பத் தோல்ல பட்டா அதுல இருக்கிற அக்ரிலேட்ங்கிற ரசாயனத்தால அலர்ஜி வரலாம். வந்துட்டா பெரும்பாலும் ஆயுசுக்கும் விடாது (அதே வகை ரசாயனம் இருக்கிற, பல் அடைக்கிற ரெசின்கூட ஒத்துக்காம போகலாம்). டிரில்லால நகத்தை எவ்வளவு தேய்க்கலாம், கருவிகளை எப்படிக் கிருமி நீக்கணும்ங்கிறதைச் சொல்லித் தராம கிளிட்டர் ஒட்ட மட்டும் கத்துக்கொடுத்தா காசு தண்டம். பிளாஸ்டிக் கையில மட்டும்தான் பயிற்சியா, நிஜக் கையிலயும் உண்டான்னு கேட்டுட்டு அட்வான்ஸ் கட்டுங்க.