மிஷனரி படத்துக்கு மாலை, மிஷனரி பள்ளிக்கூடத்துக்கு ஜேசிபி

நம் சபையின் அந்தத் திறப்பு விழா வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஃப்ளெக்ஸில் அந்தக் கால மிஷனரிகள் சீகன்பால்கு, ரேனியஸ், கால்டுவெல். அவர்களைவிடப் பெரிய அளவில் கமிட்டி அங்கத்தினர்கள். "மிஷனரிகளின் தியாகப் பாதையில்" என்று ஒருவர் மூச்சு வாங்கப் பேசினார். திறந்தது ஏசி கல்யாண மண்டபம். இடித்தது மிஷனரி காலத்துத் தமிழ்வழிப் பள்ளிக்கூடம்.

சர்ச்சுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் கட்டினார்கள் மிஷனரிகள். அதை இடித்துவிட்டு அவர்கள் பெயரிலேயே காணிக்கை எடுக்கிறோம் நாம். கூச்சமே இல்லையா?

1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். 36 வயதில் செத்தும் போனார். இன்றைக்கு நம் ஆட்களுக்கு மேடையில் குஷன் நாற்காலி இல்லாவிட்டால் ஆவியானவர் இறங்க மாட்டார்.

"வெள்ளைக்காரனுக்குக் காவடி தூக்குகிறான்" என்று ஒருவர் வருவார். தெரியும். சீகன்பால்குவை மாதக்கணக்கில் சிறையில் வைத்தவரே தரங்கம்பாடியின் டேனிஷ் கவர்னர்தான், ஐயா. கால்டுவெல் 1849இல் நாடார்களைப் பற்றி இழிவாக எழுதிய புத்தகத்தைப் படித்தால் எனக்கும் எரியத்தான் செய்கிறது. அதைத் தனியாகப் பேசுவோம். ஆனால் இடையன்குடித் தேரிக்காட்டில் அவர் மனைவி எலைசா பெண்பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படிப்பும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தாரே, அது பொய்யா?

என் ஆச்சி அஞ்சாம் வகுப்பு வரை படித்தது இப்போது இடித்த அந்தப் பள்ளிக்கூடத்தில்தான். தாத்தா பனையேறி, கைநாட்டு. கருப்பட்டி நிறுத்துக் கொடுத்தால் வியாபாரி சொல்வதுதான் கணக்கு. ஆச்சி நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்த பிறகுதான் அந்தத் திருட்டு நின்றது. எங்கள் வீட்டுக்கு வந்த சுவிசேஷம் இதுதான். அந்தக் கரும்பலகைச் சுவரை ஜேசிபி தள்ளுவதைக் கைதட்டலோடு படம் பிடித்துப் போட்டிருக்கிறீர்கள்.

"பிள்ளைகளே சேரவில்லையே, என்ன செய்ய?" எப்படிச் சேரும்? உங்கள் ஆங்கிலப் பள்ளிக்கு ஊர் ஊராக வேன் விட்டீர்கள். இங்கே கக்கூஸுக்குக் கதவு மாட்டவில்லை. கடைசிவரை வந்துகொண்டிருந்த பிள்ளைகள் எந்தத் தெரு என்று நமக்குத் தெரியும். அவர்கள் அப்பா அம்மா ஆராதனையில் எந்த பெஞ்சில் உட்காருகிறார்கள் என்றும் தெரியும். வடக்கன்குளத்தில் சர்ச்சுக்குள் சாதி பிரித்து நின்ற சுவரை 1910இல் கௌசானல் பாதிரியார் இடித்தார். நாம் சுவரெல்லாம் கட்டவில்லை, ரொம்ப நாகரிகமானவர்கள். மண்டபத்துக்கு வாடகை போட்டிருக்கிறோம். அந்தத் தெருவில் ஒரு வீடு அதைக் கொடுக்க முடியுமா?

"வீட்டு விஷயத்தை ஏன் வெளியே பேசுகிறாய்?" என்று நேற்று ராத்திரி போன் போட்ட அண்ணனுக்கு: உள்ளே பேசினேன். மைக்கை அணைத்தார்கள். நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள், பிரியாணி டோக்கன் எண்ணிக்கொண்டு.

கீழே "ஜெபிப்போம்" என்று போடப்போகிறவர்கள், அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வந்து கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள். பள்ளிக்கூட நிலத்தை மண்டபத்துக்கு மாற்றக் கையெழுத்துப் போட்டது யார் யார் என்று அதிலேயே இருக்கிறது.