ஏழு கிலோவுல ஒங்க பொட்டலத்துக்கு எடம் இல்ல

வெளிநாட்டுக்கு கைப்பெட்டி மட்டும்தான் எடுத்துட்டுப் போறேன்னு இந்த மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் யாருட்டயாவது சொல்லிப் பாருங்க. அன்னைக்கு சாயங்காலமே வாசல்ல ஆள் வந்து நிக்கும், கையில ஒரு பொட்டலம். "கொறச்சதான் மக்ளே, அரைக்கிலோகூட வராது, ஒனக்க பெட்டியில ஒரு மூலையில கெடந்துட்டுப் போட்டும்." இதைக் கேட்டாலே எனக்கு பத்திக்கிட்டு வருது. அந்தப் பெட்டியில சும்மா கெடக்குற மூலைன்னு ஒண்ணு கெடையவே கெடையாது.

கணக்கு சொல்றேன், கேளுங்க. எனக்க டிக்கெட்டுக்கு கைப்பெட்டியில விடுறது மொத்தம் 7 கிலோ. பெட்டி 55 செ.மீ. உயரம், 40 அகலம், 20 தடிமன், அதுக்கு மேல போகக்கூடாது. சக்கரம் வச்ச காலிப் பெட்டியே ரெண்டரை கிலோ தின்னுரும். லேப்டாப், சார்ஜர், பவர்பேங்க் எல்லாம் சேர்ந்து இன்னொரு ரெண்டு கிலோ, பவர்பேங்க கையிலதான் கொண்டு போகணும், வேற வழி இல்ல. மிச்சம் இருக்குறது ரெண்டரை கிலோ. அந்த ரெண்டரை கிலோவுலதான் நான் உடுக்கணும் குளிக்கணும் தூங்கணும். அதுக்காக கனமான ஜீன்ஸையும் ஷூவையும் கால்லயே மாட்டிட்டுப் போறேன், டர்க்கி டவலை விட்டுட்டு தோர்த்து, அந்த மெல்லிசுத் துண்டு, எடுத்து வைக்கேன், எடையே இருக்காது, ராத்திரி நனைச்சுப் போட்டா காலையில காஞ்சிரும், ஷாம்பு குப்பிக்குப் பதிலா பெட்டிக்கடையில தொங்குற பாக்கெட், எல்லாத்தையும் யோசிச்சு யோசிச்சு தராசுல வச்சுப் பாத்து மடக்கி வச்சிருக்கேன், அதுல வந்து நீங்க அரைக்கிலோ சிப்ஸைத் திணிப்பீங்க. அரைக்கிலோன்னா என்னன்னு தெரியுமா? எனக்க மூணு சட்டை.

இந்தத் தடவை சார்ஜா கிளம்புறதுக்கு முந்துன ராத்திரி நான் ஜிப்பு போட்டு பூட்டிட்டுப் படுக்கப் போறேன், பக்கத்து வீட்டு மாமி ஒரு தேன் குப்பியோட வந்து நிக்காங்க. நம்ம ஊரு தேன், நல்ல தேன், அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. கண்ணாடிக் குப்பி, மூடியைச் சுத்தி பிளாஸ்டிக் கவரு, அதுக்கு மேல செல்லோடேப்பு நாலு சுத்து, அதையும் மீறி கழுத்துல ஒரு பிசுக்கு எறங்கிக்கிட்டு இருக்கு. மாமி, 100 மில்லிக்கு மேல திரவம் எதையும் கையில கொண்டு போக விடமாட்டாங்கன்னு சொன்னா, "இது தேன்தானே மக்ளே, தண்ணி இல்லல்லா"ன்னு பதில். தேனும் அந்தக் கணக்குலதான் வரும், நெய்யும் வரும், தேங்கா எண்ணெய் குளுருல கட்டியா உறைஞ்சு கெடந்தாலும் வரும். குப்பியில கால்வாசிதான் இருக்குன்னு சொன்னாலும் நடக்காது, குப்பியோட அளவைத்தான் பாப்பாங்க. 2006-ல லண்டன்ல வெமானத்துக்குள்ள திரவ வெடிமருந்து கொண்டு போறதுக்குப் போட்ட சதி பிடிபட்டதுக்குப் பெறவு பல நாட்டுலயும் வந்த பாடு இது, நாம வெமானம் ஏறுற திருவனந்தபுரத்துக்கு மட்டும் தனியா போட்ட சட்டம் இல்ல. ஆனா வாங்கலேன்னா மூஞ்சி கோணிரும். நம்மள ஒருத்தர் தப்பா நெனைக்கக் கூடாதேன்னு எங்க அம்மை வேற எல்லாத்தையும் வாங்கி மேசையில அடுக்கிருவாங்க, முந்திரிக்கொத்து, நெத்திலிக் கருவாடு, கொப்பரை. கொப்பரையில எண்ணெய் இருக்கு, தீ பிடிக்கும்னு வெமானத்துலயே ஏத்த மாட்டாங்க அம்மான்னு எத்தனை தடவை சொல்லியாச்சு!

எடையும் எடமும் போகட்டும், எனக்கு உள்ளபடியே கொதிப்பு வர்றது வேற எடத்துல. மசாலாப் பொடி தருவாங்க, வீட்டுல வறுத்து அரைச்சது. அதுல கசகசா போட்டிருக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? துபாய், சார்ஜா, சவுதியில எல்லாம் கசகசா தடை பண்ணின சாமான், நம்ம ஊருல குருமாவுக்கு அரைக்குற அதே கசகசா, அங்க போதைப்பொருள் கணக்குல வரும். அரைச்ச பொடியில கசகசாவை நான் எப்படிப் பொறுக்கி எடுக்க?

மாத்திரை இன்னும் மோசம். ஒரு அண்ணனுக்கு முதுகுவலி மாத்திரைன்னு தந்தாங்க, பேப்பர்ல சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு. பிரிச்சுப் பாத்தா கத்திரிக்கோலால வெட்டுன அட்டை, மருந்துப் பேரு இருக்குற பக்கம் வெட்டுல போயாச்சு, பில்லு இல்ல, டாக்டர் சீட்டு இல்ல. ட்ராமடால், கோடீன் கலந்த வலி மாத்திரை எல்லாம் அந்த நாட்டுல கட்டுப்பாடு உள்ள மருந்து, சீட்டும் அனுமதியும் இல்லாம கையில இருந்தா கேஸுதான். கவுண்டர்ல "பெட்டிய நீங்களே அடுக்குனீங்களா, யாராவது எதாவது தந்தாங்களா"ன்னு கேக்கும்போது நான் என்ன சொல்லட்டு? பிடிச்சா உள்ள போறது நான். தந்தவங்க இங்க சாயா குடிச்சிட்டு "பாவம், நல்ல பிள்ளை"ன்னு சொல்லிட்டு இருப்பாங்க.

"30 கிலோ தருவாங்கல்லா, பெரிய பெட்டியாட்டு எடுத்துட்டுப் போயேன்"னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அது அங்க ரெண்டு வருஷம் வேலை பாக்கப் போறவங்க எடுக்குற டிக்கெட்டு. நான் எடுத்தது இருக்குறதுலயே மலிவானது, கைப்பெட்டி மட்டும், கீழ போடுற பெட்டிக்குத் தனியா காசு கட்டணும். அந்தக் காசை ஒருத்தராவது தாறேன்னு சொன்னதில்ல. கவுண்டர்ல தராசுல வச்சு 8.4 காட்டுச்சுன்னா பின்னால நிக்குற லைன் முழுக்கப் பாக்க, தரையில பெட்டியைத் தொறந்து போட்டு உள்பாடி வெளிய தெரிய சாமானை வாரி வெளிய போடுறது நானு. ஒரு பொம்பளப் பிள்ளைக்கு அது எவ்வளவு கூசும்னு யாராவது யோசிச்சுப் பாத்தீங்களா?

திரும்பி வரும்போதும் விடமாட்டாங்க. டாங் பவுடர், பால் பவுடர், சென்ட்டு குப்பி, கோடாலித் தைலம், லிஸ்ட்டு வாட்ஸப்புல வந்து விழும். வந்து எறங்குனதும் பெட்டிக்குக் காத்துக் கெடக்காம நேரா வெளிய வந்து, ஊருக்கு வர்ற வழியில நெய்யாற்றின்கரை நெரிசலுக்கு முந்தி பாலராமபுரம் தாண்டிரலாம்னுதான் கைப்பெட்டியோட போறதே.

பாசம் இருக்குன்னா மார்த்தாண்டத்துல கூரியர் ஆபீஸ் இருக்கு, சாமான் என்னன்னு எழுதிக் குடுத்து ஒங்க பேருல அனுப்புங்க. இல்ல, எங்கிட்டதான் தரணும்னா ஒரு வாரம் முந்தியே கேளுங்க, பிரிச்சுக் காட்டுங்க, வாங்குறவரு பேரும் போன் நம்பரும் எழுதித் தாங்க, 200 கிராமுக்கு மேல வேண்டாம். பொடியும் மாத்திரையும் கண்டிப்பா கெடையாது, அது எனக்க சொந்த சித்தி தந்தாலும் சரி. ஜிப்பு போட்ட பெறவு யாரு வந்து கூப்பிட்டாலும் நான் வாசல் கேட்டைத் தெறக்கப் போறதில்ல, அம்மையையும் தெறக்க விடமாட்டேன்.