"வயதுக்கு அது இருக்கும்தானே, அண்ணை!"

இன்று காலை கிளிநொச்சியில் ஒரு கராஜ் வாசலில் எண்பத்தையாயிரம் ரூபாவை எண்ணிக் கொடுத்துவிட்டு, சாவியை வாங்கும்போது கேட்டேன்: "சத்தம் போய்விட்டதுதானே?" மெக்கானிக் கைதுடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "அண்ணை, முப்பது வயது தாண்டிய கார். வயதுக்கு அது இருக்கும்தானே!"

இதைச் சொல்ல எண்பத்தையாயிரமா? என் அம்மம்மா ஒரு கோப்பைத் தேநீருக்கே சொல்லியிருப்பார். அவருடைய முழங்காலும் சத்தம் போடுகிறது.

கார், 1989இல் முதன்முதல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 வகை. விளக்கைப் போட்டால் தவளை கண் விழிப்பதுபோல முன்னால் இரண்டு எழும்புமே, அது. மொத்தமே இரண்டு இருக்கைகள். வன்னியில் இதை எதற்கு வாங்கினாய் என்று கேட்க வந்தவர்கள் தயவுசெய்து வரிசையில் நில்லுங்கள், முதலாவதாக என் மனைவி நிற்கிறார். விற்றுவிட்டு வேறு வாங்கு என்பவர்களுக்கு ஒரு கும்பிடு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திறந்தார்கள், வரியைக் கேட்டதும் நாங்களாகவே கதவைச் சாத்திக்கொண்டோம்.

சத்தத்துக்கு வருகிறேன். வேகம் மணிக்கு ஐம்பது கிலோமீற்றரைத் தொட்டால் முனகத் தொடங்கும். அறுபதில் ஊளை. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு சுருதி, காலை எடுத்தால் இன்னொரு சுருதி. எண்பதைத் தாண்டினால் காற்றிரைச்சலில் மறைந்துவிடும். மறைகிறதே தவிர நிற்பதில்லை.

நான் ஒன்றும் தெரியாதவன் அல்லன். முறிகண்டிக்கும் பனிக்கன்குளத்துக்கும் இடையில் ஏ9 வீதி வெறிச்சோடிக் கிடக்கும் ஞாயிறு காலைகளில் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டேன். அறுபதில் கிளச்சை மிதித்து, கியரை நியூட்ரலில் போட்டு, எஞ்சினைச் சும்மா விட்டு உருண்டேன். சத்தம் கூடவே உருண்டது. ஆகவே எஞ்சின் இல்லை, கிளச்சும் இல்லை. மூன்றாம் கியரிலும் ஐந்தாம் கியரிலும் அதே அறுபதில் அதே சத்தம். இடமும் வலமுமாக வளைத்து வளைத்து ஓட்டினேன், சில்லுப் பேரிங் என்றால் பாரம் ஒரு பக்கம் சாயும்போது சத்தம் மாற வேண்டும். மாறவில்லை. எதிரே வந்த பஸ் சாரதி மட்டும் கையை வெளியே நீட்டி ஏதோ சொன்னார். அது எனக்குக் கேட்கவில்லை, நல்லதுதான்.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய், "பின்னால் டிஃபரன்ஷலைப் பாருங்கள்" என்றேன், எஞ்சினின் சுழற்சியைப் பின் சில்லுகள் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியைத்தான். மெக்கானிக் தாளை வாங்கினார். அதைக் கிரீஸ் தகரத்தின் அடியில் வைத்தார். "இது சில்லுப் பேரிங், அண்ணை" என்றார்.

பேரிங் மாற்றினார்கள், இரண்டு பக்கமும். சத்தம் இருந்தது. "அப்படியென்றால் கிளச்" என்றார். கிளச்சையும் மாற்றினார்கள். சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது, ஏனென்றால் மற்ற எல்லாம் இப்போது புதியவை. அதற்குப் பிறகுதான் அவருக்கு ஒரு ஞானம் பிறந்தது: ஓட்டிப் பார்க்க வேண்டும்!

அந்த ஓட்டத்தைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கேட்க வருவதற்கு நான்கு பேர் தயாராக நின்றார்கள். அதில் ஒருவர் மூன்று சில்லு வண்டிக்குக் காற்றடிக்க வந்தவர். எனக்குப் போக இருப்பது ஓர் இருக்கை. அதில் மெக்கானிக் ஏறினார். பிறகு, "பின்னால் கேட்க ஓர் ஆள் வேண்டும்" என்று, வேலை பழக வந்த பதினெட்டு வயதுப் பொடியனை டிக்கிக்குள் ஏறச் சொன்னார். தவறு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சாவியைத் திருப்பினேன், அந்த அளவுக்கு அந்தச் சத்தம் என்னைக் கொண்டுவந்து விட்டிருந்தது. இந்தக் காரின் டிக்கியில் ஒரு சூட்கேசே நெருங்கித்தான் இருக்கும். ஒரு பக்கம் பற்றரி, மறு பக்கம் மேலதிகச் சில்லு, நடுவில் அவன், முழங்கால் இரண்டும் காதோடு. மூடியைப் பாதி திறந்து நைலோன் கயிற்றால் கட்டினார்கள். இடைவெளியில் அவனுடைய கண்கள் மட்டும் தெரிந்தன.

புறப்பட்டோம். ஐம்பது வந்தது. முனகல் வந்தது. "கேட்கிறதா?" என்றேன். மெக்கானிக் சொல்லத் தொடங்கினார், தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது மொறிஸ் மைனரை ஒரு சொட்டுப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடவைத்த கதையை. நல்ல கதைதான், மறுக்கவில்லை. அந்தத் தலைமுறை மெக்கானிக்குகளின் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் இப்போது அறுபதில் போகிறோம், ஐயா! ஊளை உச்சத்தில் நிற்கிறது, ஐயா! சரியாக அந்த நேரத்தில் அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. இரணைமடுச் சந்தி போய் மறைந்த பிறகும் யாருடையதோ உழவு இயந்திரத்தின் ரேடியேட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். பேசி முடித்ததும் என்னைப் பார்த்து, "சத்தம் ஒன்றும் இல்லையே" என்றார்.

முறிகண்டியில் நிறுத்தினோம். அங்கே நிறுத்தாமல் யார் போவார்? பிள்ளையாருக்கு முன்னால் நாலைந்து பஸ்கள், கற்பூரப் புகை, தேங்காய்ச் சிதறல், கச்சான் விற்கும் பெண்களின் கூவல். நான் இறங்கிப் பின்னால் போய்க் கயிற்றை அவிழ்த்தேன். டிக்கிக்குள்ளிருந்து ஒரு கால் வந்தது. பிறகு ஒரு கை. பிறகு வியர்வையில் குளித்த முழுப் பொடியன். கூவல் நின்றது. ஒரு பஸ்ஸின் ஒரு பக்கத்து யன்னல் முழுக்க முகங்கள். இந்தப் பிரதேசத்தில் ஒரு வாகனத்தின் டிக்கிக்குள்ளிருந்து ஆள் இறங்கினால் சனம் எதை நினைக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு வயதான அம்மா நேரே அவனிடம் வந்து, "பிள்ளை, உனக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டுவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எந்த மெக்கானிக் பதில் சொல்வார்?

பொடியன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "அண்ணை, எனக்குக் கீழேதான் உறுமுகிறது. சில்லுப் பக்கம் இல்லை, நடுவில். நீங்கள் காலை எடுக்கும்போது கூடுகிறது."

என் தாளில் இருந்த அதே வசனம்! மெக்கானிக் ஒரு சரை கச்சானை உடைத்தபடி, "நீ பேசாமல் இரு, உனக்கு என்ன தெரியும்" என்றார். அவன் பேசாமல் மறுபடியும் டிக்கிக்குள் ஏறப் போனான். நான்தான் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன். பஸ் காசையும் பில்லில் சேர்த்திருக்கிறார்கள், பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மத்தியானச் சோறுகூடச் சாப்பிடவில்லை. காருக்கு நான்கு பக்கமும் முட்டுக் கொடுத்து, அடியில் படுத்து, டிஃபரன்ஷல் எண்ணெயை ஒரு பழைய பேசினில் இறக்கினேன். அளவில் குறைவாகத்தான் வந்தது, எங்கோ சீல் வழியாகக் கசிந்திருக்கிறது. வெயிலில் பேசினைச் சரித்தால் எண்ணெய் முழுக்க வெள்ளிப் பொடி, கோயில் திருவிழாவில் முகத்தில் பூசும் மினுக்கம்போல. உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைத் தோய்த்து எடுத்தேன். கறுப்பு நிறத்தில் தாடி முளைத்து வந்தது. எண்பத்தையாயிரம் ரூபா, புதிய பேரிங்குகள், புதிய கிளச். இரும்புப் பொடி மட்டும் என் பல்சக்கரத்திலிருந்து வந்த அசல் பழையது.

காந்தத்தைப் படம் எடுத்து மெக்கானிக்குக்கு அனுப்பினேன். கட்டைவிரல் உயர்த்தும் குறி ஒன்று பதிலாக வந்தது.

சரி, அதை விடுங்கள். புது எண்ணெய் விட்டு, இருட்டிய பிறகு பரந்தன் வரை ஓட்டிப் பார்த்தேன். இந்த மாடுகளுக்குச் சொந்தக்காரர் யார்? சொல்லுங்கள்! காப்பெற் வீதி சூடாக இருக்கிறது என்று நடு ஏ9இல் ஏழெட்டு மாடுகள் படுத்து அசைபோடுகின்றன. என் கார் தரையோடு ஓடுவது. படுத்திருக்கும் மாடும் நானும் ஒருவர் கண்ணை ஒருவர் நேருக்கு நேர் பார்க்கிறோம். எனக்கு முன்னால் போன லொறி ஹோர்ன் அடித்து அடித்துக் களைத்து, மண்ணில் இறங்கிச் சுற்றிப் போனது. ஒன்றாவது எழும்ப வேண்டுமே. நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். ஊளை கூடியது. பெரிய வெள்ளைப் பசு ஒன்று காதைத் திருப்பி, உன்னிப்பாகக் கேட்டு, எழும்பி வழிவிட்டது.