மூலையை யார் பூசுவது?

சனிக்கிழமை கருத்தரங்கில் நடந்ததை நிறையப் பேர் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். சுவருக்குச் சிமெண்ட் பூசும் மிஷினைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் பேசி முடித்ததும் பின்வரிசையில் இருந்த கொத்தனார் எழுந்து, "ஏனுங்க, மூலையும் ஜன்னல் ஓரமும் இது பூசுமுங்களா?" என்று கேட்டார். அரங்கமே சிரித்தது. அவரைக் கூட்டிப்போனவன் நான்.

அதில் சிரிக்க என்ன இருக்கிறது? அந்த மாதிரி மிஷின் மேலும் கீழும் போய்ச் சமமான சுவரைப் பூசும். மூலை, ஜன்னல் ஓரம், பீமுக்கு அடி எல்லாவற்றுக்கும் கொத்தனார் கையில் பிடித்துப் பூசுகிற கரணைதான். முப்பது வருடமாகக் கரணை பிடிப்பவர் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். ஆராய்ச்சிக்குத் திட்டம் போட்ட முதல் நாளே அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். நான் சொல்வது அவ்வளவுதான். முதல் நாளே கேளுங்கள்.

உடனே "மிஷினே வேண்டாம் என்கிறாயா?" என்று வருவீர்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வடநாடு வரைக்கும் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறது. மோட்டாரும் கிரைண்டரும் செய்து பிழைக்கிற ஊர்க்காரன் நான். மிஷின்மேல் எனக்கு என்ன பகை?

"ஆள் கிடைப்பதில்லையே" என்பார்கள். உண்மைதான். பீகார், ஒடிசா பையன்கள் ஊருக்குப் போனால் எங்கள் சைட்டும் நின்றுவிடுகிறது. சரி, அதனால் எந்த வேலைக்கு முதலில் மிஷின் வேண்டும்?

என் அம்மா சித்தாள். பெருந்துறைப் பக்கம் மூன்று மாடிக் கட்டடத்துக்குக் கலவைச் சட்டியைத் தலையில் வைத்துப் படியேறினார். இன்றைக்கு அவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ. அதைத் தோளில் ஏற்றி இறக்கும் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. சின்னச் சைட்டுகளில் இன்றும் இதுதான் நிலைமை. ஜப்பானில் 1980களில் ஷிமிசு நிறுவனம் கட்டட ரோபோவைக் கொண்டுவந்தபோது, இரும்புச் சட்டங்களில் தீத்தடுப்புப் பூச்சு அடிக்கும் வேலையைத்தான் முதலில் அதற்குக் கொடுத்தது. தூசி பறக்கிற, உடம்பைக் கெடுக்கிற வேலை அது. அங்கிருந்து தொடங்கலாமே. சுமையை விட்டுவிட்டு, கைத்திறமை இருக்கிற பூச்சு வேலைக்கு ஏன் முதலில் போகிறீர்கள்?

2021-ல் சென்னை ஐஐடியில் 600 சதுர அடி வீட்டை மிஷினே கான்கிரீட்டை அடுக்கடுக்காக வைக்கிற முப்பரிமாண அச்சில் (3D பிரிண்டிங்) கட்டினார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த மாதிரி வீட்டிலும் வயரிங்குக்கும் பைப்புக்கும் ஆள்தான் வேண்டும்.

"உணர்ச்சிவசப்படாதே" என்று ஒரு நண்பர் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். ஏன் படக்கூடாது? படித்தவன் கேட்டால் சந்தேகம், கொத்தனார் கேட்டால் சிரிப்பா? நீங்கள் குடியிருக்கும் வீட்டில் மட்டம் பிசகாமல் நிற்கிற ஒவ்வொரு சுவரும் அவரைப் போன்ற ஒருவர் நிறுத்தியது.

கருத்தரங்கிலிருந்து திரும்பி வரும்போது கொத்தனார் பஸ்ஸில் ரொம்ப நேரம் பேசாமலே இருந்தார். சூலூர் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நான் தப்பாக் கேட்டுப்போட்டனுங்களா?"

சிரித்தவர்களில் ஒருவராவது அவருக்குப் போன் போட்டுப் பேசுங்கள். நம்பர் என்னிடம் இருக்கிறது, தருகிறேன்.