தக்காளிக்கு ஸ்டார் போடும் முன் தேதியைப் பாருங்கள்

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு கலிஃபோர்னியா சமையல் ரெஸ்டாரன்ட் இருக்கிறது, பெயர் வேண்டாம். வாசலில் தொட்டியில் ஆலிவ் மரம், உள்ளே பாலிஷ் போடாத மரமேசை, சுவரில் சாக்பீஸால் ஏதோ ஒரு பண்ணையின் பெயர். அரை டவுசரோடு போய் உட்கார்ந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரி கடை ஊருக்கு நாலு தெரியும். இதன் ரிவ்யூக்களைப் படித்தால்தான் தலை சுற்றுகிறது. ஒருத்தர் இப்படி ஒரு சாலட்டைச் சாப்பிட்டதே இல்லை என்று உருகி அஞ்சு ஸ்டார் போடுகிறார், அதற்கு நேர் கீழே இன்னொருத்தர் அதே சாலட்டை வெறும் பச்சைத்தண்ணி என்று திட்டி ஒரு ஸ்டார். எல்லாம் சேர்த்து மூன்றரை என்று நிற்கிறது. அந்த மூன்றரையை வைத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வது?

ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் என் கட்சி. ஏனென்றால் நானே அந்த ரெண்டு பேராகவும் இருந்திருக்கிறேன்.

போன ஆகஸ்டில் நண்பர்களோடு போனேன். தக்காளி புர்ராட்டா, 18 டாலர். நாலு தக்காளியை வெட்டிப் போட்டு, நடுவில் ஒரு உருண்டை சீஸ், மேலே ஆலிவ் எண்ணெய், கல் உப்பு, கொஞ்சம் பேசில் இலை, அவ்வளவுதான். இதற்கா இந்த விலை என்று முனகிக்கொண்டேதான் வாயில் வைத்தேன். சாந்தா குரூஸ் பக்கம் செடி வேர் பிடித்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டு விளைவிக்கும் தக்காளி உண்டு, 'ட்ரை ஃபார்ம்' என்பார்கள். வேர் ஈரம் தேடிக் கீழே கீழே போகும், பழம் சிறுத்துவிடும், சாறு கெட்டியாகி இனிப்பும் புளிப்பும் சேர்ந்து நிற்கும். அந்தத் தக்காளி. தட்டில் தேங்கிய சாற்றை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டோம், கடைசித் துண்டு ரொட்டிக்குச் சண்டையே நடந்தது.

ஜனவரியில் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். பெருமையாக அதே கடை, அதே மேசை, அதே சாலட், அதே 18 டாலர். வந்தது வெளிறிப்போன ரோஸ் நிறத் துண்டுகள், நடுவில் வெள்ளை நரம்பு, ஃபிரிட்ஜ் குளிர் இன்னும் போகவில்லை. அம்மா ஒரு துண்டை மென்று, மெல்ல விழுங்கி, "ஏன்டா, தை மாசத்துல மாம்பழம் கேட்டா நம்ம ஊர்ப் பழக்கடைக்காரன் சிரிப்பான். இவன் ஏன் கேட்டதும் கொடுக்குறான்?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் இருக்கிறது. கலிஃபோர்னியா சமையல் என்று இன்று பேசப்படுவதில் பாதி, ஆலிஸ் வாட்டர்ஸ் 1971இல் பெர்க்லியில் தொடங்கிய ஷே பனிஸ் ரெஸ்டாரன்டிலிருந்து கிளம்பியது. அங்கே ராத்திரிச் சாப்பாட்டு மெனு தினம் மாறும். தோட்டத்திலிருந்து எது நன்றாக வந்ததோ அதுதான் அன்றைய சாப்பாடு. மறுபாதி தெற்கே, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பிறந்தது. வுல்ஃப்காங் பக் என்ற சமையல்காரர் 1982இல் ஸ்பாகோ ரெஸ்டாரன்டைத் திறந்து பீட்சாவின் தலையில் ஸ்மோக்டு சால்மன் மீனை வைத்தார். 1985இல் ரெண்டு வக்கீல்கள் சேர்ந்து பெவர்லி ஹில்ஸில் கலிஃபோர்னியா பீட்சா கிச்சனை ஆரம்பித்தார்கள். எதன் மேல் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்ற சுதந்திரம் அது. அதில் ஒரு தப்பும் இல்லை, பார்பிக்யூ சிக்கன் பீட்சா எனக்கும் பிடிக்கும், எந்த மாதம் போனாலும் ஒரே ருசி.

எங்கள் பக்கத்துக் கடை மாதிரி இடங்களில் கோளாறு என்னவென்றால், சுவரில் ஷே பனிஸ் கட்சியின் பேச்சு, கையில் கொடுப்பது வருஷம் பூராவும் மாறாத லேமினேட் மெனு. பண்ணை பெயரை எழுதியாகிவிட்டது, அந்தப் பண்ணையில் ஜனவரியில் தக்காளி இருக்காது என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

நம்ம ஆட்கள் எழுதும் ரிவ்யூக்களையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உப்பு இல்லை, உறைப்பு இல்லை, ஃபிஷ் டாக்கோவில் மசாலாவே இல்லை. சரி, எனக்கும் முதல் ரெண்டு வருஷம் அப்படித்தான் இருந்தது, பையில் மிளகாய்ப்பொடிப் பொட்டலம் வைத்துக்கொண்டு அலைந்த ஆள் நான். ஆனால் நம் சமையலில் ஒரு மட்டமான தக்காளியைப் புளியும் பெருங்காயமும் தாளிப்பும் சேர்ந்து காப்பாற்றிவிடும், ரசத்தில் போட்டால் யாருக்கும் தெரியாது. இங்கே எண்ணெயையும் உப்பையும் விட்டால் வேறு துணை கிடையாது. காய் நன்றாக இருந்தால் சொர்க்கம், இல்லையென்றால் ஒளிய இடமே இல்லை. அதனால்தான் மற்ற ஓட்டல்களைவிட இந்த வகைக் கடைகளில் ரிவ்யூ இப்படி ரெண்டாகப் பிளக்கிறது என்று நினைக்கிறேன்.

கோபத்துக்கு இன்னொரு காரணம் பில். 5 சதவீதம் சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணம், அதற்கு மேல் 9 சதவீதத்தைத் தாண்டும் வரி, அப்புறம் பரிமாறும் பெண் டேப்லெட்டைத் திருப்பிப் பிடித்தால் டிப்ஸ் 18 சதவீதத்தில்தான் ஆரம்பிக்கிறது. 18 டாலர் சாலட் 24ஐத் தொட்டுவிடுகிறது. மறைமுகக் கட்டணங்களுக்கு எதிராக 2024 ஜூலையில் சட்டம் வந்தது, ஆனால் மெனுவில் தெளிவாகப் போட்டுவிட்டால் ரெஸ்டாரன்ட் வாங்கிக்கொள்ளலாம் என்று கடைசி நேரத்தில் விலக்கும் வந்துவிட்டது. போட்டிருக்கிறார்கள், அம்மாவின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டுதான் படித்தேன்.

ஸ்டார் விளையாட்டையே கிண்டல் செய்த கடை ஒன்றும் இதே பே ஏரியாவில் இருந்தது. 2014இல் ரிச்மண்டில் பாட்டோ பிஸ்ட்ரோ என்ற இத்தாலியக் கடை, ரிவ்யூ தளமான யெல்ப்பில் எங்களுக்கு ஒரு ஸ்டார் போட்டால் பீட்சாவில் தள்ளுபடி என்று அறிவித்தது. வாடிக்கையாளர்கள் விழுந்து விழுந்து திட்டி எழுதினார்கள். அந்தத் தைரியம் எல்லாருக்கும் வராது.

நான் மூன்று ஸ்டார் போட்டேன். ஆகஸ்டில் இப்படி, ஜனவரியில் இப்படி என்று மாதத்தைச் சேர்த்தே எழுதினேன். இப்போதெல்லாம் ரிவ்யூவில் ஸ்டாரைப் பார்ப்பதற்கு முன்னால் தேதியைத்தான் பார்க்கிறேன்.

அன்றைக்கு அம்மாவின் தட்டு அப்படியே இருப்பதைப் பார்த்துப் பரிமாறும் பெண் வந்தாள். இந்த மாதத்தில் எது நன்றாக இருக்கும் என்று கேட்டதும், குரலைத் தாழ்த்தி பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் என்றாள். இரும்புச் சட்டியில் பாதி பாதியாக வெட்டி, விளிம்பு கருகக் கருக வதக்கி, ஆரஞ்சுச் சுளையோடு வந்தது. அம்மா முதலில் உற்றுப் பார்த்தார். "இது முட்டைக்கோஸோட குட்டியா?" சட்டி காலியாகும் வரை வேறு பேச்சில்லை. அப்புறம் மெனுவை வாங்கி அது எங்கே இருக்கிறது என்று தேடினார். கடைசிப் பக்கம், சைட்ஸ் என்ற தலைப்புக்குக் கீழே, கடைசி வரி.

"இதை ஏன்டா மேல போடல?"