சிவப்புக் கொடியை ஒழித்தவர் மொண்டேகு பிரபு அல்ல

“காருக்கு முன்னால் சிவப்புக் கொடியுடன் ஆள் நடக்க வேண்டும் என்ற பிரிட்டிஷ் சட்டத்தை 1903இல் ஒழித்தவர் பியூலி மொண்டேகு பிரபு” என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

1865ஆம் ஆண்டுச் சட்டம், வண்டிக்கு 60 கஜம் முன்னால் கொடியுடன் ஆள் நடக்க வேண்டும் என்றது. 1878இல் கொடிக் கட்டாயம் தளர்ந்து, தூரம் 20 கஜமானது. முன்னால் நடக்கும் ஆளையே நீக்கியது 1896ஆம் ஆண்டுச் சட்டம். அது நடைமுறைக்கு வந்த நவம்பர் 14 அன்று, லண்டனில் காலை விருந்தில் சிவப்புக் கொடி ஒன்றைக் கிழித்து மகிழ்ந்தவரும் மொண்டேகு அல்லர்; வின்செல்சி பிரபு.

மொண்டேகுவின் பணி அதற்குப் பிந்தையது. கன்சர்வேட்டிவ் எம்.பி.யான அவர் 1899இல் தமது டைம்லர் காரை நாடாளுமன்ற வளாகத்துக்குள் ஓட்டிச் சென்றார். வாசலில் போலீஸ்காரர் மறித்தும் அவர் பின்வாங்கவில்லை. கார்களுக்காக 1902இல் தனிப் பத்திரிகையே தொடங்கினார். 1903ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக அவர் வாதாடியது உண்மைதான். ஆனால் அச்சட்டம் தந்தவை பதிவு எண், ஓட்டுநர் உரிமம், மணிக்கு 20 மைல் வேக வரம்பு ஆகியவை. கொடிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.