அம்மாவின் கைக்கெட்டும் பொத்தான்

வீட்டு ஒலிச் சாதனங்களைத் தானாக இயங்கவும் அணையவும் வைப்பது எப்படி என்று நண்பர்கள் கேட்கும்போது, இப்போதெல்லாம் நான் முதலில் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் மிக மூத்தவர் யார்? அவர் தனியாக இருக்கும்போது தன் கையால் பாட்டுப் போட முடியுமா? முடியாது என்றால், எத்தனை ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளி செலவழித்திருந்தாலும் அந்த ஏற்பாடு தோற்றுப்போனது என்றுதான் சொல்வேன். ஒரு தீபாவளி விடியற்காலையில் எனக்கு இது உறைத்தது.

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் எங்களுடையது நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குக் கீழே அப்பா 1986இல் வாங்கிய, ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பவர் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். முன்பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பொத்தான். அழுத்தி நான்கைந்து விநாடி கழித்து உள்ளே ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச், மெல்லத் தட்டும்; அதற்குப் பிறகுதான் ஸ்பீக்கரில் உயிர் வரும். அப்பாவுக்கு ஒரு வரிசை கைப்பழக்கமாக இருந்தது. முதலில் வானொலி நிலையத்தைப் பிடிக்கும் ரேடியோ டியூனர், பிறகு எதைக் கேட்பது, எவ்வளவு சத்தமாகக் கேட்பது என்பதைக் கட்டுப்படுத்தும் பிரீஆம்ப், கடைசியாகப் பவர் ஆம்ப். அணைக்கும்போது அப்படியே தலைகீழ். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

அப்பா போன பிறகு அம்மா ஒருநாள் தானே போட்டுப் பார்த்திருக்கிறார். போட்டது சரியாக வந்துவிட்டது. அணைக்கும்போது பிரீஆம்பை முதலில் அணைத்துவிட்டார். ஸ்பீக்கர் ‘டொம்’ என்று அதிர்ந்ததில் பயந்துபோய், “அப்பாவின் பொருளைக் கெடுத்துவிட்டேனோ தம்பி” என்று அலுவலகத்துக்கே அழைத்துக் கேட்டார். எதுவும் கெடவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் அதைத் தொடவே இல்லை. சமையலறை மேடையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, அதன் மெல்லிய கீச்சுக் குரலில் ஒலி 96.8 வானொலி கேட்கத் தொடங்கினார். பல ஆண்டுகள் அந்தப் பெரிய ஸ்பீக்கர்களின் முன் உட்கார்ந்து பாட்டுக் கேட்டவர். எனக்கு மனசு பொறுக்கவில்லை.

அந்த ‘டொம்’ ஏன் வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தானியக்கத்தின் பாதி வேலை அதைத் தவிர்ப்பதுதான். பிரீஆம்பும் டியூனரும் உயிர் பெறும்போதும் உயிர் விடும்போதும் அவற்றின் வெளியீட்டில் மின்னழுத்தம் ஒரு கணம் ஏறி இறங்கும். அந்த நேரத்தில் பவர் ஆம்ப் விழித்திருந்தால், அது தன் வேலையைச் செய்யும்: அந்தத் தள்ளாட்டத்தைப் பல மடங்கு பெருக்கி ஸ்பீக்கரின் கூம்பைத் தள்ளிவிடும். எனவே பெருக்குபவர் கடைசியாக எழ வேண்டும், முதலில் தூங்க வேண்டும். தூங்கப்போன பிறகும் அதன் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். அது வடிவதற்கு அரை நிமிடமாவது விட்டுத்தான் மற்றவற்றை அணைக்க வேண்டும்.

அம்மாவுக்காக நான் முதலில் செய்தது, எல்லாரும் செய்வதைத்தான். இணையத்தில் மூன்று வைஃபை பிளக்குகள் வாங்கினேன். கைப்பேசிச் செயலியில் வரிசையையும் இடைவெளியையும் எழுதினேன். அம்மாவின் கைப்பேசியிலும் செயலியைப் போட்டு, பெரிய படமாக முகப்பில் வைத்துக் கொடுத்தேன். ஐந்து மாதம் நன்றாகவே ஓடியது.

தீபாவளியன்று அதிகாலை அம்மா நாகஸ்வரம் போட வேண்டும் என்று முந்தின இரவே சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் எண்ணெய்க் குளியலுக்கு முன்னால் நாகஸ்வரம் கேட்டாக வேண்டும். அப்பா போட்ட வழக்கம். ஐந்து மணிக்கு எழுந்து செயலியைத் தொட்டிருக்கிறார். சுழன்றுகொண்டே இருந்திருக்கிறது. மீண்டும் தொட்டிருக்கிறார். என்னை எழுப்ப மனமில்லாமல், விளக்கேற்றிவிட்டு அமைதியாகவே உட்கார்ந்திருந்தார். ஆறரைக்கு நான் எழுந்தபோது வீடு சத்தமில்லாமல் இருந்தது. எங்கள் வீட்டு வைஃபையில் பழுது இல்லை. பிளக் தயாரித்த நிறுவனத்தின் சர்வர் எங்கோ ஒரு நாட்டில் படுத்துக்கிடந்தது. அம்மா கையிலிருந்து ஸ்பீக்கருக்கு ஐந்தடி தூரம். அந்த ஐந்தடியைக் கடக்க ஒரு கட்டளை கடல் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டியிருந்தது. இதை நான்தான் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன் என்பது இன்றும் எனக்கு வருத்தம்.

இரண்டாவது பழுது அதைவிட மோசம். ஒரு சனிக்கிழமை மேசையைத் துடைக்கும்போது பவர் ஆம்பின் மேல்மூடி சூடாக இருந்தது. செயலியில் ‘அணைந்தது’ என்று காட்டியது. பிளக்கின் உள்ளே இருந்த ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. எத்தனை நாளாக அப்படி எரிந்துகொண்டிருந்ததோ!

இது தற்செயலாக நடந்ததன்று. பெரிய ஆம்ப்ளிஃபயரின் உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும், வெறுமையாகக் காத்திருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களும் இருக்கின்றன. மின்சாரம் பாயும் முதல் கணத்தில் அவை இழுக்கும் மின்னோட்டம் சாதாரண ஓட்டத்தைவிடப் பல மடங்கு அதிகம். பிளக்கின் மேல் ‘10 ஆம்பியர்’ என்று அச்சடித்திருப்பது, கெட்டில் போலச் சீராக இழுக்கும் பொருளுக்கான கணக்கு. டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்த எண் பொருந்தாது. பலருக்கும் தெரியாத இன்னொன்று: மின்னழுத்த அலை பூஜ்யத்தைத் தொடும் நொடியில் இணைக்கும் ‘ஜீரோ கிராசிங்’ சுவிட்சுகள் விளக்குக்கும் சூடேற்றிக்கும் நல்லவை, டிரான்ஸ்ஃபார்மருக்கோ அந்தப் பூஜ்யம்தான் மிக மோசமான தருணம். காந்தப்புலம் அதன் எல்லையையும் மீறி ஏறி, இரும்பு உள்ளகம் தாங்காமல் மின்னோட்டம் எகிறும். விலையுயர்ந்தது என்று நம்பி அந்த வகையை வாங்கிவிடாதீர்கள்.

பிளக் வாங்குவோருக்கு இன்னொரு வேண்டுகோள். சிங்கப்பூரில் விற்கும் பிளக், நீட்டிப்புக் கம்பி, அடாப்டர் எல்லாவற்றிலும் பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். வெளிநாட்டு இணையக் கடையில் மூன்று வெள்ளி குறைகிறது என்று முத்திரையில்லாததை வாங்கி, இரவும் பகலும் மின்சாரத்தில் செருகி வைத்துவிட்டு ஊருக்குப் போகிறோம். தூங்கும் வீட்டில் இது விளையாட்டுக் காரியமில்லை. சுவருக்குள் இருக்கும் கம்பியில் கைவைப்பதென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரைத்தான் அழைக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

சரி, வழி என்ன? ஒலிச் சாதனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஏற்கெனவே ஒரு மொழி வைத்திருக்கின்றன. உங்கள் பிரீஆம்பின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பழைய இயர்ஃபோன் துளையைப் போல 3.5 மில்லிமீட்டரில் ஒரு துளை, அருகில் ‘12 வோல்ட் டிரிகர்’ என்று பலவற்றில் எழுதியிருக்கும். பிரீஆம்ப் விழித்ததும் அந்தத் துளையில் 12 வோல்ட் நேர்மின்சாரம் வரும், அணைந்ததும் போய்விடும். அதை ஒரு மெல்லிய கம்பியால் பவர் ஆம்பின் டிரிகர் துளைக்குக் கொடுத்தால், ஒன்று எழுந்ததும் மற்றது எழும். இணையம் வேண்டாம், செயலி வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். இவ்வளவு எளிமையான, இவ்வளவு நம்பகமான ஒன்றை இத்தனை பேர் ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் வைத்திருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அப்பாவின் ஆம்ப்ளிஃபயரில் அந்தத் துளை இல்லை. அதற்கென்று, 12 வோல்ட் வந்தால் மட்டும் மின்சாரத்தைத் திறந்துவிடும் பெட்டிகள் கிடைக்கின்றன. மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் டவரில் இரண்டு மாடி ஏறி இறங்கி விசாரித்து, மென்தொடக்கம் உள்ள ஒன்றாகப் பார்த்து வாங்கினேன். மென்தொடக்கம் என்றால், முதல் ஒரு நொடிக்கு மின்சாரத்தை ஒரு மின்தடையத்தின் வழியாக மெதுவாக விட்டு, பிறகு நேராகத் திறப்பது. பாய்ச்சல் அடங்கிவிடுகிறது, தொடுமுனை உருகுவதில்லை.

வேறு வழிகளும் உண்டு. எச்டிஎம்ஐ கம்பி வழியே தொலைக்காட்சியும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றையொன்று எழுப்பும் சிஇசி என்ற ஏற்பாடு படம் பார்ப்பவர்களுக்குப் போதும். சாம்சுங் அதை எனிநெட் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது, அடிப்படை ஒன்றுதான். வானொலி மட்டும் கேட்கும் என் அம்மாவுக்கு அதனால் பயனில்லை.

ஒலி வந்ததும் எழுந்து, ஒலி நின்றதும் தூங்கும் ‘தானறி’ ஆம்ப்ளிஃபயர்களைப் பற்றித்தான் எனக்குச் சண்டையே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி 2013 முதல் காத்திருப்பு நிலையில் ஒரு சாதனம் பொதுவாக அரை வாட்டுக்கு மேல் உறிஞ்சக்கூடாது. பயன்படுத்தாவிட்டால் தானாக அணையவும் வேண்டும். நல்ல விதி, நான் வரவேற்கிறேன். ஆனால் ‘பயன்படுத்தவில்லை’ என்பதைச் சாதனம் எப்படித் தெரிந்துகொள்கிறது? உள்ளே வரும் ஒலியின் அளவை வைத்து. இரவு பத்தரைக்கு மேல், பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும் என்று நினைத்து ஒலியை நன்றாகக் குறைத்து வீணை கேட்கிறோம். விளம்ப காலத்தில் ஆலாபனை இழைந்துகொண்டிருக்கிறது. அந்த அளவு ஒலி, ஆம்ப்ளிஃபயரின் கணக்கில் மௌனம். இருபது நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. ராகத்தின் நடுவில் கதவைச் சாத்துவது போல! எழுந்து வந்து ஒலியைக் கூட்டினால்தான் மறுபடி விழிக்கும். மெல்லக் கேட்பவர்களைத் தண்டிக்கும் ஏற்பாடு இது. அடுக்குமாடி வீடுகளில் வாழும் நாம் எல்லாருமே மெல்லக் கேட்பவர்கள்தான். பின்புறம் அதை நிறுத்தும் ஒரு சுவிட்ச் பெரும்பாலும் இருக்கும். நிறுத்திவிடுங்கள்.

“எதற்கு இத்தனை பாடு? எப்போதும் எரியட்டும், சூடாக இருந்தால்தான் ஒலி நன்றாக இருக்கும்” என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கட்டடத்தின் ஒலிக்கருவிக் கடைகளில் அரை நாள் நின்றால் இதை நாலு பேராவது சொல்வார்கள். அரை மணி நேரம் சூடேறிய பிறகு ஒலி இனிமையாவதாக எனக்கும் தோன்றியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். அப்பாவின் ஆம்ப்ளிஃபயர் சும்மா இருக்கும்போது 45 வாட் இழுக்கிறது, மீட்டர் வைத்து அளந்தேன். நாள் முழுவதும் எரிந்தால் ஒன்றுக்குச் சற்று மேல் யூனிட். யூனிட்டுக்குச் சுமார் 30 காசு என்று வைத்தால் ஆண்டுக்கு 118 வெள்ளி. நாளுக்கு நான்கு மணி நேரம் மட்டும் என்றால் 20 வெள்ளிகூட ஆகாது. அதைவிட எனக்குப் பெரிய கவலை வெப்பம். கெப்பாசிட்டரின் சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பழைய விதி. முப்பது டிகிரி வெளிச்சூட்டில், காற்றில்லாத மர அலமாரிக்குள் அதை இருபத்துநான்கு மணி நேரம் வேகவைப்பது கொடுமை. கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு மணி நேரமும் வால்வின் ஆயுளிலிருந்து கழிகிறது.

இடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 168 நாள் இடி இடிக்கிறது. ரிலே அணைத்திருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். உள்ளே தொடுமுனைகளுக்கு இடையே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளிதான். வானத்திலிருந்து இறங்கி வந்த மின்னலுக்கு அது ஒரு தடையா? ஊருக்குப் போகும்போது பிளக்கைக் கையால் உருவி வைத்துவிட்டுப் போங்கள். ஆன்டெனாக் கம்பியையும் சேர்த்து.

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது இதுதான். சாமி மாடத்துக்குப் பக்கத்தில், அம்மாவின் தோள் உயரத்தில், மின்கலத்தில் ஓடும் வெள்ளைப் பொத்தான் ஒன்று. அது ஜிக்பீ என்ற குறுந்தூர வானலை வழியாக, அலமாரிக்குள் இருக்கும் சிறு கணினியுடன் பேசுகிறது. வீட்டு இணையத்தைப் பிடுங்கிப் போட்டாலும் அது வேலை செய்யும். பிடுங்கிப் போட்டுச் சோதித்தும் பார்த்தேன். ஒருமுறை அழுத்தினால் பிரீஆம்ப் எழும், பதினைந்து விநாடியில் டிரிகர் வழியாகப் பவர் ஆம்ப் எழும், டியூனரில் 96.8 தயாராக இருக்கும். டியூனரை மட்டும் நான் எப்போதும் மின்சாரத்திலேயே விட்டிருக்கிறேன், ஏனென்றால் நீண்ட நேரம் மின்சாரம் போனால் அது நிலையத்தை மறந்துவிடுகிறது. நாகஸ்வரம் வைத்திருக்கும் இசைக் கணினியையும் மின்சாரத்தைத் துண்டித்து அணைப்பதில்லை. முதலில் அதற்கு ‘மூடு’ என்று கட்டளை போகும், அது எழுதிக்கொண்டிருப்பதை முடித்துவிட்டுத் தூங்கும், அதற்குப் பிறகுதான் மின்சாரம் நிற்கும். அப்படிச் செய்யாமல் இரண்டு நினைவு அட்டைகளை ஏற்கெனவே இழந்திருக்கிறேன்.

இந்தச் சிறு கணினி செத்துப்போனால்? பிரீஆம்பின் முன்பக்கப் பொத்தானை அழுத்தினாலும் அதே வரிசையில் எல்லாம் எழும், ஏனென்றால் டிரிகர் கம்பி கணினியை நம்பியில்லை. அம்மாவுக்கு இரண்டையும் காட்டிக் கொடுத்திருக்கிறேன். முதல் வாரம் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அந்தப் பதினைந்து விநாடி என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். இப்போது அழுத்திவிட்டுக் காப்பி கலக்கப் போய்விடுகிறார்; அவர் திரும்பி வரும்போது செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது.

போன வாரம் எதிர்வீட்டு மலாய்ப் பெரியவர் வந்து அந்தப் பொத்தானை நாலைந்து முறை அழுத்திப் பார்த்தார். அவர் மனைவிக்குக் கண் பார்வை மங்கிவருகிறது. ரிமோட்டில் எழுத்துத் தெரியவில்லையாம். அவர்களுடைய ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிப் பார்த்துவிட்டேன். 12 வோல்ட் துளை இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை காலை கம்பியோடு போகிறேன்.